கருகலுக்கு அடி எங்கே? தீயல் முதல் நுண்ணலை அடுப்பு வரை

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒரு குழம்பு தீய்ந்துவிட்டது என்றால் அது சமைத்தவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. தென்கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் 'தீயல்' என்பது விருந்தினருக்குப் பரிமாறும் கறி. உள்ளித் தீயல், பாகற்காய்த் தீயல் என அதில் வகைகளும் உண்டு. குற்றமும் விருந்தும் 'தீய்' என்னும் ஒரே வினையடியிலிருந்து பிறந்திருக்கின்றன. தேங்காய்த் துருவலைச் செம்மை கடந்து கரும்பழுப்பு ஆகும்வரை வறுத்து, கரியாவதற்கு ஒரு கணம் முன்பு இறக்குவதே தீயலின் நுட்பம். அந்த ஒரு கணத்தை அறிவிப்பது கடிகாரம் அன்று, மூக்கு.

ஆய்வின் பொருட்டு மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கும் இந்த மாதங்களில், இதே தேங்காயை மைக்ரோவேவ் அடுப்பில் வறுக்க முயன்று கருக்கியவர்கள் பலரின் கதைகளைக் கேட்டேன். எல்லாரும் இரண்டு கேள்விகளையே கேட்டார்கள். இவ்வளவு விரைவாக எப்படிக் கருகியது? இந்த நாற்றத்தை எப்படிப் போக்குவது? இரண்டுக்கும் விடை உண்டு. ஆனால் விடைக்குப் போகும் வழி ஒரு நீண்ட வரலாற்றின் ஊடாகச் செல்கிறது. மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

1. கருகலின் சொற்கள்

உணவு தீயால் கெடுவதைக் குறிக்கத் தமிழில் குறைந்தது ஐந்து சொற்கள் உள்ளன: தீய்தல், கருகுதல், கரிதல், காந்துதல், அடிப்பிடித்தல். பானையின் அடியில் ஒட்டித் தீய்ந்த பற்றுக்குக் 'காந்தல்' என்று தனிப்பெயரே உண்டு. மலையாளத்திலும் 'கரியுக', 'அடியில் பிடிக்குக' என ஏறத்தாழ இதே தொகுதி வழங்குகிறது.

இவற்றில் இரண்டு செய்திகளைக் கவனிக்கலாம். முதலாவது, இச்சொற்களுள் ஒரு திசை பதிந்திருக்கிறது. தீ கீழே, கலம் மேலே. எனவே கெடுதல் அடியில் தொடங்கும். காந்தலும் அடிப்பிடித்தலும் இந்த வடிவியலை வெளிப்படையாகவே சொல்கின்றன. அடி கெட்டாலும் மேற்பகுதி தப்பும் என்ற நம்பிக்கையும் அதில் அடங்கியுள்ளது. அடிப்பிடித்த சோற்றைக் கிளறாமல் மேலாக அள்ளி வேறு பாத்திரத்திற்கு மாற்றும் வழக்கம் அந்த நம்பிக்கையின் செயல்வடிவம்.

இரண்டாவது, தன்வினை பிறவினை வேறுபாடு. 'பால் தீய்ந்தது' என்றால் செய்தவர் இல்லை, அது நிகழ்ந்தது. 'பாலைத் தீய்த்தாள்' என்றால் ஒருத்தி நிறுத்தப்பட்டுவிட்டாள். கருகியது, கருக்கினாள் என்பதும் அவ்வாறே. மெல்லினம் வல்லினமாகத் திரிந்தாலோ ஒரு வல்லினம் இரட்டித்தாலோ பழி அடுப்பிலிருந்து இறங்கி ஆளின்மேல் ஏறிவிடுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண் என்பதை வினைமுற்றின் விகுதியே சொல்லிவிடும். தமிழ் வீடுகளின் சமையலறைச் சண்டைகளில் பாதி இந்த இலக்கண நுட்பத்தில் நடக்கிறது. சமைத்தவர் தன்வினையில் பேசுவார். உண்பவர் பிறவினையில் பதிலளிப்பார்.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் இங்கே நினைவுக்கு வருகிறது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் தொடங்கிய தலைவி புளிக்குழம்பு சமைக்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. தலைவன் இனிதென்று உண்கிறான். தாளிப்புக்கு அப்பாடல் ஆளும் சொல் 'குய்'. புகை அங்கே குற்றத்தின் சான்று ஆகவில்லை. உழைப்பின் சான்றாக நிற்கிறது. தமிழிலக்கியத்தில் அடுக்களைப் புகைக்கு இவ்வளவு கனிவான இடம் பின்னர் எளிதில் கிடைக்கவில்லை.

நாற்றம் என்ற சொல்லின் வீழ்ச்சியும் அறிந்ததே. தொல்காப்பிய மரபியலில் மூவறிவுயிரின் சிறப்பறிவு மூக்குணர்வு. குறளில் நாற்றம் என்பது மலரின் மணம். இன்று தமிழிலும் மலையாளத்திலும் அது கெட்ட வாடை மட்டுமே. மூக்கின் அறிவுக்கு இருந்த மதிப்புக் குறைந்ததையும் சேர்த்தே இந்தச் சொல் காட்டுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

2. கறியும் கரியும்

சங்கப் பாடல்களில் 'கறி' என்பது மிளகு. முசிறித் துறையில் யவனக் கப்பல்கள் தங்கத்தை இறக்கி மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் தருகிறது. முசிறி இருந்ததாகப் பலர் கருதும் பட்டணம் கொச்சிக்குச் சற்று வடக்கே உள்ளது. மட்டாஞ்சேரியின் கிட்டங்கிகளில் மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கப்பட்ட நூற்றாண்டுகள் அந்தக் கதையின் பிற்பகுதி. கறிக்கும் கரிக்கும் இடையே உள்ளது ஓர் எழுத்துதான். சமையலறையில் அந்த இடைவெளி சில நொடிகள்.

தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி உருது எனப் பல மொழிகள் ஒரு சதுர மைலுக்குள் வழங்கும் இந்த ஊரில் கருகலைக் கையாண்ட முறைகளும் பலவாக இருந்திருக்கும். அவற்றுள் ஒன்று என்னைப் பெரிதும் ஈர்த்தது.

மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. யூதச் சட்டப்படி வெள்ளி மாலைச் சூரிய மறைவு முதல் சனி இரவு வரை நெருப்பு மூட்டக்கூடாது, அணைக்கவும் கூடாது. ஆனால் சனிக்கிழமை நண்பகலில் சூடான உணவு உண்பது சிறப்பு. இந்த முரண்பாட்டிலிருந்தே உலகெங்கும் யூதர்களிடையே இரவுமுழுதும் மெல்ல வேகும் உணவுகள் தோன்றின. 'ஹமின்' என்ற பெயர் 'சூடு' எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளி மாலைக்குள் பாதி வெந்த பாத்திரத்தைத் தணிந்த கனலின்மேல் வைத்துவிட வேண்டும். பிறகு கிளறவும் இயலாது. தீயைக் குறைக்கவும் இயலாது. கருகினால் கருகியதுதான். ஆகவே நீர் மிகுதி, கனல் குறைவு, பருப்பும் தானியமும் கலந்த பொருள் தேர்வு என எல்லா முடிவுகளையும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். மட்டாஞ்சேரி யூத வீடுகளையும் கட்டுப்படுத்திய விதி இது. 1950களில் இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றனர். இன்று அத்தெருவில் கடைகளும் பெயர்ப்பலகைகளுமே மிகுதி.

இதே தத்துவம் பிற்காலக் கேரளத்தில் வேறொரு நோக்கத்தோடு திரும்பி வந்தது. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், விறகைக் குறைவாக உண்ணும் 'பரிஷத் அடுப்பை'யும் 'சூடாறாப்பெட்டி'யையும் வீடுகளில் பரப்பியது. கொதித்த அரிசியைப் பானையோடு வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டால், மீதி வேக்காடு தானாக முடியும். தீயே இல்லாத இடத்தில் காந்தலுக்கு வழியில்லை. விறகுச் செலவையும் புகையையும் குறைக்க வந்த இயக்கம், அடிப்பிடித்தலையும் போகிற போக்கில் ஒழித்தது. அடுப்பருகே காவல் நிற்கும் வேலையிலிருந்து பெண்களுக்கு ஓரளவு விடுதலை தந்தது என்பதே அதன் பெரிய பயன்.

3. போரிலிருந்து வந்த அடுப்பு

நுண்ணலை அடுப்பு சமையலறையில் பிறந்ததன்று. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய குழிவு மேக்னெட்ரான் என்னும் கருவி, எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடாருக்கானது. அதே ஆண்டு டிசார்ட் குழு அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. ரேதியான் நிறுவனத்தில் அதன் உற்பத்தியைப் பெருக்கியவர் பெர்சி ஸ்பென்சர். ஓடிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் அருகே நின்றபோது சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியது என்பது பலரும் அறிந்த கதை. அடுத்துச் சோளம் பொரிந்தது. அதற்கடுத்து ஒரு முட்டை, எட்டிப்பார்த்த சக ஊழியரின் முகத்தில் வெடித்தது என்றும் அக்கதை தொடர்கிறது. அதை நம்பினால், நுண்ணலைச் சமையலின் முதல் விபத்து அதன் முதல் சமையலோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

1945 அக்டோபரில் ஸ்பென்சர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் 'ராடாரேஞ்ச்' ஏறத்தாழ ஆறடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. 1967இல் அமானா நிறுவனம் மேசைமேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பை 495 டாலருக்கு விற்றது. இந்திய நகர்ப்புற வீடுகளுக்கு அது பரவலாக வந்தது 1991க்குப் பின்.

ஜப்பானில் நடந்தது மொழியியலாளர்களுக்குச் சுவையானது. ஷார்ப் நிறுவனம் 1966இல் சுழலும் தட்டை அறிமுகப்படுத்தியது. பிறகு வேலை முடிந்ததும் 'சின்' என்று ஒலிக்கும் மணியையும் சேர்த்தது. அந்த ஒலியிலிருந்து 'சின் சுரு', அதாவது சின் செய்தல், என்ற வினை பிறந்து பொதுவழக்காகிவிட்டது. தமிழில் கலைச்சொல்லாக்கம் 'நுண்ணலை அடுப்பு' என்ற பெயரைத் தந்தது. வினை மட்டும் பிறக்கவில்லை. அவித்தல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், சுடுதல், தாளித்தல் என இத்தனை வினைகளைப் படைத்த மொழி, இந்தப் பெட்டிக்குள் நடப்பதை இன்னும் 'ஓவனில் வைத்தல்' என்றே சொல்கிறது. வைப்பது மட்டுமே நம் செயல். மீதி நமக்குத் தெரியாமல் நடக்கிறது.

4. அடியில்லாக் கருகல்

தெரியாமல் நடப்பது என்ன? 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. மூடிய உலோகப் பெட்டிக்குள் அவை நிலையலைகளாக நிற்பதால், சில இடங்கள் கொதிக்கும்; சில இடங்கள் குளிர்ந்தே கிடக்கும். தட்டுச் சுழல்வது இதைச் சமன்செய்யத்தான்.

நீர் உள்ளவரை உணவின் வெப்பம் 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் அந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. தேங்காய்த் துருவலில் எண்ணெயும் சர்க்கரையும் நாரும் எஞ்சுகின்றன. ஒரு சிறு பகுதி சற்றுக் கூடுதலாகச் சூடானால், அது மேலும் ஆற்றலை உறிஞ்சி மேலும் சூடாகிறது. பழுப்புக்கும் கரிக்கும் இடையே வாணலியில் இரண்டு நிமிடம் இருந்தது, இங்கே பத்து நொடியாகச் சுருங்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றோ சூடாவதில்லை. எனவே உணவின் வெளிப்புறம் குளிர்ந்திருக்க நடுப்பகுதி கரிந்துபோகும். மறந்து நெடுநேரம் வைத்த பன் ரொட்டி வெளியே வெண்மையாகவும் உள்ளே கரியாகவும் இருப்பது இதனால்தான். இதற்குக் காந்தல் என்ற பெயர் பொருந்தாது. மேலாக அள்ளித் தப்பிக்கவும் இயலாது. நம் ஐந்து சொற்களில் பதிந்திருந்த திசை இங்கே செல்லுபடியாகவில்லை.

எவர்சில்வர் டவராவை உள்ளே வைத்துப் பொறி பறக்கவிட்ட கதைகள் வேறு. உலோக விளிம்புகளில் மின்புலம் குவிவதால் நேர்வது அது. தங்கக்கோடு இட்ட பீங்கான் கோப்பையும் அதையே செய்யும். எல்லாம் எவர்சில்வரில் நடக்கும் சமையலறைக்குள், எவர்சில்வரை ஏற்காத அடுப்பு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் புலன் சார்ந்தது. திறந்த அடுப்பில் மணம் முதலில் வரும். கேடு பின்னர் வரும். இடையிலுள்ள அவகாசமே சமையலறிவின் களம். பிரஷர் குக்கர் மூடியபோது அந்த அறிவு மூக்கிலிருந்து காதுக்கு இடம்பெயர்ந்தது; மூன்று விசில், நான்கு விசில் என்று எண்ணினோம். நுண்ணலை அடுப்பு மணியடிக்கிறது. ஆனால் மணி, குறித்த நேரம் முடிந்ததை மட்டுமே சொல்லும்; உணவின் நிலையைச் சொல்லாது. மணம் நம்மை எட்டும்போது கேடு முடிந்திருக்கும். மாமியாரின் மூக்கு மருமகளுக்குக் கற்பித்த ஒரு பாடத்திட்டம் இதனால் வழக்கிழந்து வருகிறது. அது கண்டிப்பும் பழியும் கலந்த பாடத்திட்டந்தான். அந்தப் பழி போகட்டும். அறிவும் சேர்ந்து போகவேண்டுமா என்பதே என் கேள்வி. இப்போது வீடுகளில் 'ஓவன் கருக்கிவிட்டது' என்கிறார்கள். பிறவினைக்கு முதன்முறையாக ஒரு அஃறிணை எழுவாய் கிடைத்திருக்கிறது.

5. நாற்றத்தைப் போக்குதல்

கேட்டவர்களுக்குக் கடன்பட்டிருப்பதால் செய்முறையையும் எழுதிவிடுகிறேன். உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கக்கூடாது. நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கி, தானே அணையக் காத்திருக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் தீ வளரும்.

அணைந்து ஆறிய பின், கருகிய பொருளை வெளியேற்றிவிட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீரும் எலுமிச்சைத் துண்டுகளும் இட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவைக்கலாம். கொதிநிலை தாண்டியும் கொதிக்காமல் நின்று திடீரெனப் பொங்குவதைத் தவிர்க்க, ஒரு மரக்குச்சியை நீரில் இட்டு வைப்பது நல்லது. பிறகு ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டு, சுவர், கூரை, கதவின் ஓரம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் தனியே கழுவ வேண்டும். பக்கச் சுவரில் அட்டை போன்று இருப்பது அலைகள் நுழையும் வழியை மூடும் மைக்காத் தகடு. அதில் எண்ணெய் படிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே கருகி நாறும்.

எந்த மருந்து எதற்கு என்பதில் குழப்பம் உண்டு. மீனைச் சூடாக்கிய வாடை அமீன் வகைச் சேர்மங்களால் வருவது. அவை காரத்தன்மை உடையவை. எனவே எலுமிச்சையும் வினிகரும் அவற்றைக் கட்டுப்படுத்தும். கருகல் வாடை வேறு. நாரிலுள்ள லிக்னின் சிதைந்து உருவாகும் குவாயகோல் போன்ற ஃபீனால்கள், எண்ணெய் தீய்ந்து எழும் அக்ரோலின், புகையிலுள்ள அசிட்டிக் அமிலம் முதலியவற்றின் கலவை அது. அமிலங்களை ஆப்பசோடா நடுநிலையாக்கும். ஃபீனால்களை எலுமிச்சையும் சோடாவும் பெரிதாக அசைப்பதில்லை. அங்கே எலுமிச்சையின் பணி, ஆவியால் படலத்தை இளக்குவதும் தன் மணத்தால் மறைப்பதுமே. துடைப்பதும் உறிஞ்சுவதுமே உண்மையான வழி. உறிஞ்சுவதில் வல்லது கரி. சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரியின் நுண்துளைகள் இத்தகைய மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும். ஒரு கிண்ணம் கரியை ஓரிரு இரவு உள்ளே வைத்தால் வேறுபாடு தெரியும். கரிந்ததைக் கரியே தீர்க்கிறது. இதே குவாயகோல் வகை மணத்தைத்தான் புகையில் உலர்த்திய குடம்புளியில் நாம் விரும்பிச் சுவைக்கிறோம் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இங்கே ஓர் ஒற்றுமை. இறைச்சிக்கும் பாலுக்கும் பயன்பட்ட நுண்ணலை அடுப்பை யூத உணவுவிதிப்படி தூய்மையாக்க, பல ரப்பிகள் சொல்லும் முறை இது: நன்றாகத் துடைத்து, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டு, ஒரு கோப்பை நீரைக் கொதிக்கவைத்துப் பெட்டி முழுதும் ஆவியால் நிரப்புதல். சுவை சுவரில் ஏறியிருக்கிறது; ஏறிய வழியிலேயே அதை இறக்க வேண்டும் என்பது அதன் தருக்கம். வாடை போக்கும் இல்லத்தரசியும் விதி காக்கும் ரப்பியும் ஒரே கோப்பை நீரில் சந்திக்கிறார்கள்.

6. ஜன்னலைத் திறந்தால்

எல்லாக் குறிப்புகளுக்கும் மூத்தது ஜன்னலைத் திறத்தல். அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: வெளிக்காற்று உள்காற்றினும் தூயதாக இருக்க வேண்டும். 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பற்றிய தீ பத்து நாள்களுக்கு மேல் புகைந்தது. நகரத்தார் ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருக்க நேர்ந்தது. கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வீட்டில் பால் தீய்ந்தால் பிறவினையில் பேசி ஆளைச் சுட்டும் நாம், ஊர் கருகியபோது 'தீப்பிடித்தது' என்று தன்வினையில் பேசினோம். இலக்கணம் யாருக்குச் சலுகை தருகிறது என்பதை அந்த நாள்கள் காட்டின.

மூக்கைப் பழைய உறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள். சமையல் எரிவாயுவுக்கு இயல்பான வாடை இல்லை; கசிவை அறியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். கோவிட் தொற்றில் முகரும் திறனை இழந்தவர்கள், அடுப்பில் கருகுவது தெரியாமல் தவித்தார்கள். நாற்றம் ஓர் அறிவு என்ற தொல்காப்பியரின் வகைப்பாடு அவர்களுக்கு அனுபவமாகப் புரிந்திருக்கும்.

தீயல் செய்பவர் கருகலுக்கு மிக அருகே சென்று திரும்புகிறார். அந்தத் திரும்புதலை நேரக்குறிப்பாக எந்த அடுப்பின் பொத்தானிலும் பதிக்க முடியவில்லை. அதைச் சொல்லாகவேனும் பதிவு செய்ய விரும்புகிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், கருகுவதற்குச் சற்று முன்னுள்ள அந்த நிலைக்கு என்ன பெயர்? கருகிய வாடைக்கு என்ன சொல்? அடுப்பே இல்லாமல் நடுவில் கருகுவதற்கு யாரேனும் புதுச்சொல் உண்டாக்கியிருக்கிறார்களா? ஊரின் பெயரோடு கீழே எழுதுங்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.